மூன்றாம் எண் சாலையில் மீனைத் தொடர்ந்து ஒரு பயணம்

நீண்ட வார இறுதி வந்துவிட்டால் சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் எல்லையைத் தாண்டி, வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் ஏறி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று மேற்குக் கரையை நோக்கியே போகிறார்கள். அந்தச் சாலையைக் குறை சொல்வதற்கில்லை. அகலமானது, ஓய்விடங்கள் நிறைந்தது, விரைவில் ஊர்போய்ச் சேர்ப்பது. ஆனால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அதில் கடல் கண்ணில் படுவதில்லை. ஓய்விடங்களில் கிடைக்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக்கும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே சுவையில்தான் இருக்கும். எனக்கும் என் கணவருக்கும் விடுமுறையில் வேண்டியவை இரண்டே. காலையிலும் மாலையிலும் கடலோரமாகக் கால் வலிக்க நடக்க வேண்டும். நடந்த பசிக்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஏற்றது மலேசியாவின் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் பழைய மூன்றாம் எண் கூட்டரசு சாலைதான்.

ஜொகூர் பாருவில் தொடங்கி, கோத்தா திங்கி, மெர்சிங், எண்டாவ், ரொம்பின், பெக்கான், குவாந்தான், கெமாமான், டுங்குன், மாராங், கோலா திரங்கானு வழியாகத் தாய்லாந்து எல்லைவரை 700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலை அது. நாங்கள் கோலா திரங்கானு வரை போனோம். வழி நெடுக வலப்பக்கம் இருப்பது ஒரே தென்சீனக் கடல். அதில் பிடிபடும் மீன்களும் பெரும்பாலும் ஒரே வகைகள்தான். ஆனால் ஒரு மாநிலம் தாண்டினால், சில இடங்களில் ஓர் ஆறு தாண்டினாலே, அந்த மீனைச் சமைக்கும் விதம் மாறிவிடுகிறது. இதைச் சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள மெதுவாகப் போகும் சாலை வேண்டும். அடிக்கடி நிறுத்த மனமுள்ள ஓட்டுநரும் வேண்டும். இரண்டும் எனக்கு வாய்த்தன.

எல்லை நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டை விட்டு வெளியேறும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். மலேசியத் தரப்பில் வாகன நுழைவு அனுமதிக்குப் பதிவு செய்து, அதற்கான ஒட்டுவில்லையைக் காரில் பொருத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். பெட்ரோல் நிலையத்தில் மானிய விலையில் விற்கப்படும் ரோன் 95 நமக்கில்லை, ரோன் 97-தான் போட வேண்டும். சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். உட்லண்ட்ஸில் விடியலுக்கு முன்பே போய் நின்றால் பாலத்தை எளிதாகக் கடந்துவிடலாம். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடக்கும் நேரத்தைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முதலில் வரும் ஊர் கோத்தா திங்கி. நம்மவர்கள் பலருக்கு அருவியால் மட்டும் தெரிந்த ஊர். உணவைத் தேடிப் போகிறவர்கள் இங்கே கேட்டறிய வேண்டிய பழங்கதை ஒன்று உண்டு. ஜொகூர் சுல்தான் மஹ்மூத் 1699-இல் இங்கே கொல்லப்பட்டார். பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்டபோது கொல்லப்பட்டதால் பல்லக்கிலேயே மாண்ட சுல்தான் என்ற பொருளில்தான் அவருக்கு இன்றும் பெயர் வழங்குகிறது. கொலைக்கான காரணமாக மக்கள் சொல்லிவரும் கதை இது: கருவுற்றிருந்த ஒரு பெண் மசக்கையில் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள், செய்தி எட்டியதும் சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்க ஆணையிட்டார், போரிலிருந்து திரும்பிய அவள் கணவர் மெகாட் ஸ்ரீ ராமா சுல்தானைப் பழிவாங்கினார். கதையின் எவ்வளவு பங்கு வரலாறு என்பதை அறிஞர்களிடம் விட்டுவிடலாம். சாலையோரக் கடையில் பலாச்சுளை வாங்கிக்கொண்டே இந்தக் கதையை என் கணவர் சொன்னார். அவருக்கு நேரம் காலம் தெரிவதேயில்லை.

கோத்தா திங்கியைத் தாண்டியதும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. சாலை இருவழிப் பாதையாகச் சுருங்குகிறது. குலைகளை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும். இரட்டை வெள்ளைக்கோட்டில் முந்துவதற்குத் துணிச்சலைவிட அறியாமைதான் அதிகம் வேண்டும். மெர்சிங் நெருங்கும்போதுதான் காற்றில் உப்பு வாடை வருகிறது. தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊர் என்பதால் இங்கே வருகிறவர்களில் பலர் படகுத்துறையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. நீரேற்றத்தைப் பார்த்துத்தான் படகு நேரத்தையே வைக்கிறார்கள். படகைத் தவறவிட்டுக் காத்திருப்போர் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, நாங்கள் ஊருக்குச் சற்று வடக்கே உள்ள ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனோம்.

அங்கே நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். நாங்கள் வாரந்தோறும் நடப்பது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில். அருமையான இடம், நிழலும் பாதையும் கழிப்பறையும் சட்டே கடையும் இருக்கும் இடம். அதை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் அது 1960களில் தொடங்கிய நில மீட்பில் உருவான கரை. மணலும் கொண்டுவந்து போட்டது, அலையும் கற்தடுப்புகளில் மோதி அடங்கி வருவது, அடிவானத்தில் எப்போதும் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும். ஆயர் பாப்பானில் கரை அதன் போக்கில் வளைகிறது. சவுக்கு மரங்களின் வேர்கள் மணலிலிருந்து வெளியே தெரிகின்றன, அலை கொண்டுவந்த மரக்கட்டைகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, எதிரே தீவுகள் நீல நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவின் மறுமுனைவரை போய்த் திரும்பினோம். வார நாள் என்பதால் வழியில் எதிர்ப்பட்டவர்கள் வலையிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் மட்டுமே.

மெர்சிங்கில் நாங்கள் சாப்பிட்டது ஓத்தாக் ஓத்தாக். அரைத்த மீனோடு மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஓலைக்குள் வைத்துக் கரியில் வாட்டும் இந்தப் பண்டம் சிங்கப்பூர் உணவங்காடிகளிலும் கிடைப்பதுதான். நம் ஊரில் மசாலா தூக்கலாக இருக்கும். இங்கே மீன் தூக்கலாக இருந்தது. காலையில் படகில் வந்த மீனைப் பகலில் அரைப்பவர்களுக்கு மசாலாவை அள்ளிப் போட வேண்டிய தேவை இல்லை என்பது என் ஊகம்.

எண்டாவ் ஆற்றைக் கடந்தால் ஜொகூர் முடிந்து பகாங் தொடங்குகிறது. ரொம்பினில் கடலை மறந்துவிட்டு ஆற்றைப் பார்க்க வேண்டும். உடாங் காலா எனப்படும் பெரிய நன்னீர் இறாலுக்குப் பேர் பெற்ற வட்டாரம் இது. நீலக் கொடுக்குகள் உடம்பைவிட நீண்டிருக்கும் அந்த இறாலைத் தேங்காய்ப்பாலில் மஞ்சள் சேர்த்துச் சமைத்துத் தந்தார்கள். தலைக்குள் இருக்கும் கொழுப்புதான் அதன் உயிர். அதை உறிஞ்சக் கூச்சப்படுகிறவர்கள் சாதாரண இறாலையே வாங்கிக்கொள்ளலாம், காசாவது மிஞ்சும். அடுத்து வரும் பெக்கான், பகாங் சுல்தான்களின் அரச நகரம். அங்கே புடிங் டிராஜா என்ற அரண்மனை இனிப்பை உண்டோம். பொரித்த வாழைப்பழத்தின் மேல் குளிர்ந்த பால் குழம்பு, உலர்பழம், முட்டையில் பின்னிய பொன்னிற நூல்கள் என்று அலங்காரம் பலமாக இருந்தது. எனக்கு ஒரு கரண்டி போதும் என்றாகிவிட்டது. என் கணவர் என் கிண்ணத்தையும் சேர்த்துக் காலி செய்தார்.

குவாந்தானில்தான் முதல்முறையாக நின்று நிதானித்தோம். தெலுக் செம்பெடாக் கடற்கரையின் ஓரத்தில் பாறைகளை ஒட்டி மரப்பலகை நடைபாதை ஒன்று முனையைச் சுற்றி அடுத்த சிறு விரிகுடாவுக்குப் போகிறது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல். கீழே பாறை இடுக்குகளில் அலை புகுந்து வெளியேறும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை எதையும் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அவை பையைப் பார்த்துத்தான் வருகின்றன, ஆளைப் பார்த்தல்ல.

அந்தப் பாதையின் நடுவில் நின்று கடலைப் பார்த்தபோது என் கணவர், "இங்கேருந்து நேரே கிழக்கேதான் அந்த ரெண்டு கப்பலும் கிடக்குது" என்றார். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து புறப்பட்ட பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டையும் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடித்தன. 840 பேர் உயிரிழந்தனர். வான் பாதுகாப்பு இல்லாமல் போன கப்பல்கள் அவை. அந்தச் செய்தியோடுதான் சிங்கப்பூரைக் கடற்படை காக்கும் என்ற நம்பிக்கையும் போயிற்று. மூன்று மாதம் நிறைவதற்குள் தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த செய்தி, அதே கடலைப் பார்த்து நிற்கும்போது வேறு மாதிரி இருந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்ததில் நடைபாதை முடிந்ததே தெரியவில்லை.

பகாங்கின் பெருமைக்குரிய உணவு பாத்தின் தெம்போயாக். பாத்தின் என்பது கெளுத்தி வகை ஆற்று மீன். தெம்போயாக் என்பது உப்பிட்டுப் புளிக்க வைத்த டுரியான். இந்த இரண்டையும் மிளகாய், மஞ்சளோடு சேர்த்துக் குழம்பாக்குகிறார்கள். டுரியான் பருவத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் தமிழர்கள் இதைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். ஆனால் புளித்தபின் டுரியானின் இனிப்பு அடங்கிவிடுகிறது, மணமும் மாறிவிடுகிறது. குழம்பில் அது மாங்காயும் புளித்த தயிரும் செய்யும் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. மீனில் நெய் அதிகம் என்பதால் அந்தப் புளிப்பு தேவையாகவும் இருக்கிறது. கடை நடத்திய மக்சிக், அதாவது மலாய் அத்தை, நாங்கள் இரண்டாம் முறை சோறு கேட்டதைப் பார்த்துவிட்டு, "இந்தியர்கள் இதைத் தொடவே மாட்டார்கள் என்று நினைத்தேன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

குவாந்தானை விட்டு வடக்கே புறப்பட்டதும் வரும் பெசேரா, மீனவர் ஊர். இங்கே மீ சாலோங் சாப்பிடாமல் போகக் கூடாது. மஞ்சள் நூடல்ஸ், தெளிந்த சாறு, கையால் உருட்டிய மீன் உருண்டைகள், மேலே கொஞ்சம் பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். தொழிற்சாலையில் செய்த மீன் உருண்டை பல்லில் பட்டால் துள்ளும். பெசேரா உருண்டை மெல்ல உடைந்து மீன்நார் தெரிகிறது. கிழக்குக் கரையில் நம்மவர்கள் மேற்குக் கரையைப் போல் அதிகமில்லை. குவாந்தானுக்கு வடக்கே வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்கள் சிரமப்படுவார்கள். என் கணவர் ஏங்கினார். ஒரு கடையில் தட்டில் வெறும் தயிரைக் கேட்டு, கிடைக்காமல் சோயா பால் குடித்தார்.

குவாந்தானிலிருந்து கோலா திரங்கானுவுக்கு விரைவுச்சாலை உண்டு. 2015-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தச் சாலை உள்நாட்டுப் பக்கமாகக் காடும் தோட்டமுமாகப் போகிறது. "அதுல போனா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்" என்றார் அவர். "போய் என்னங்க செய்யப் போறோம்? சாப்பாடெல்லாம் இந்தப் பக்கம்தானே இருக்கு" என்றேன். அதற்குமேல் அவர் வாதாடவில்லை. பழைய சாலையிலேயே தொடர்ந்தோம். வழியில் மாடுகள் நடுச்சாலையில் படுத்திருக்கும், இரவில் இந்தச் சாலையில் ஓட்டாமல் இருப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

செரட்டிங் கடற்கரையில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, ஈரமணல் தட்டையாக விரிந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைச்சறுக்கு விளையாடுவோர் கூடும் இடம் இது. நாங்கள் போனபோது அலை சோம்பியிருந்தது, நடப்பதற்கு அதுவே வசதியாகவும் இருந்தது. மணல் முழுவதும் மிளகளவு உருண்டைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்துக் குனிந்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் அதைச் செய்கிறவர் வெளியே வருவார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, மணல் நிறத்து நண்டு. வளையின் வாயில் முதலில் கண்கள் தெரிந்தன. பிறகு உடம்பு பக்கவாட்டாக வெளியே வந்தது. இரண்டு கொடுக்குகளாலும் மாறி மாறி மணலை அள்ளி வாயில் திணித்து, அதில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்குகளை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை உருண்டையாக்கிக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளியது. ஒரு திசையில் சிறிது தூரம் போனதும் வளைக்குத் திரும்பி வேறொரு திசையில் தொடங்கியது. அப்படித்தான் வளையைச் சுற்றிலும் உருண்டைகள் வரிசை வரிசையாகப் பரவுகின்றன. நீர் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும். அடுத்த வற்றலில் மறுபடியும் தொடங்க வேண்டும். என் நிழல் அசைந்ததும் நண்டு மறைந்துவிட்டது. என் கணவர் அதற்குள் கடற்கரையின் மறுமுனைக்குப் போயிருந்தார். வேகமாக நடப்பதுதான் நடை என்று நம்புகிறவர் அவர்.

செரட்டிங்கைத் தாண்டியதும் திரங்கானு மாநிலம். முதல் பெரிய ஊர் கெமாமான் மாவட்டத்துச் சுக்காய். இங்கே ஹைனானியச் சீனர் குடும்பம் ஒன்று தொடங்கிய ஹாய் பெங் என்ற பழைய கோப்பிக்கடை, மலேசியா முழுவதும் பெயர் பெற்றது. சீனர் கடை என்றாலும் மேசைகளில் நிறைந்திருப்பவர்கள் மலாய்க்குடும்பங்கள்தான். கோப்பி கடுமையாகவும் நறுமணமாகவும் இருந்தது. வாட்டிய ரொட்டியும் நன்றாக இருந்தது. கோப்பிக்காக மட்டுமே எங்கேயும் நிறுத்தச் சொல்லும் என் கணவர், சர்க்கரை போடாத கறுப்புக் கோப்பியை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நம் புளோக்கின் கீழ் உள்ள கடையைப் பற்றிச் சில கடுமையான கருத்துகளைச் சொன்னார். அவற்றை இங்கே எழுதினால் நாளைக் காலையில் அந்தக் கடைக்காரர் முகத்தில் நான் விழிக்க முடியாது.

கெமாமானில் நான் தேடிப் போனது சாத்தார். மீன் சதையைத் துருவிய தேங்காய், வெங்காயம், இஞ்சி, மிளகாயோடு இடித்து, வாழையிலையில் முக்கோணமாக மடித்து, மூன்று நான்கை ஒரு குச்சியில் செருகிக் கரியடுப்பில் வாட்டுகிறார்கள். கடலோரக் குடிசை ஒன்றில் ஒரு பெண்மணி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இலையை முதலில் தணலில் காட்டி வாட்டிக்கொள்கிறார், இல்லாவிட்டால் மடிக்கும்போது கிழிந்துவிடும். கூம்பாகச் சுருட்டிய இலைக்குள் இரண்டு விரலால் கலவையை அழுத்தி, வாயை மடித்துக் குச்சியை அந்த மடிப்பின் வழியாகவே செருகுகிறார். தனியாகக் கட்டோ ஈர்க்கோ தேவைப்படவில்லை. இலை கருகி ஓரம் சுருளும்போது உள்ளே மீன் வெந்திருக்கும். தேங்காய் இருப்பதால் லேசான இனிப்பு உண்டு. மெர்சிங்கின் ஓத்தாக் ஓத்தாக்கில் தேங்காய்ப் பாலாக இருந்தது இங்கே துருவலாகிவிட்டது. வழவழப்பு போய் நறநறப்பு வந்துவிட்டது. மீன் அதேதான்.

கெர்த்தேயைச் சுற்றி எண்ணெய், எரிவாயு ஆலைகள். திரங்கானுவின் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபின் 1970களிலிருந்து இந்தக் கரை மாறிய விதத்தை அந்த ஆலைகளின் நீளத்திலேயே காணலாம். அவற்றுக்குச் சற்று முன்னால் வரும் கெமாசிக் கடற்கரை, நான் மறுபடியும் போக விரும்பும் இடம். பாறைக் குன்றுகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் பின்னால் அமைதியான நீர்நிலை உண்டு. பாறைமேல் ஏறி இருபுறமும் கரை நீண்டு செல்வதைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

டுங்குனுக்கு வடக்கே ரந்தாவ் அபாங். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்துகூட ஆமை பார்ப்பதற்கென்றே இங்கே போனார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிட வந்த கரை இது. கெட்டியான ஓடு இல்லாமல், தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் ஓடும் அந்த ஆமை, சொறிமீன்களைத் தின்று வாழ்வது. 1950களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கூடுகள் இந்தக் கரையில் இருந்தன. பல பத்தாண்டுகள் முட்டைகளை ஒட்டுமொத்தமாக எடுத்துத் தின்றதும், ஆழ்கடலில் வலைகளில் சிக்கி ஆமைகள் மாண்டதும் சேர்ந்து, இன்று அவை ஏறத்தாழ வருவதே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. கோலா திரங்கானுச் சந்தையில் முன்பெல்லாம் ஆமை முட்டைகளைக் குவித்து வைத்து வெளிப்படையாக விற்பார்கள். 2022-இல்தான் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் மாநிலம் தடை விதித்தது. உள்ளூர் உணவைத் தேடிப் போகிறவர்கள் எல்லா உள்ளூர் உணவையும் கொண்டாட வேண்டியதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே நாங்கள் அதிகம் நடக்கவில்லை. மணல் செங்குத்தாகச் சரிகிறது, அலை இழுப்பும் அதிகம்.

கோலா திரங்கானுவில் பார்ப்பதற்கு 2019-இல் திறந்த தூக்குப்பாலம், சீனர் தெரு, படகு கட்டும் டுயோங் தீவு என்று பல உண்டு. எங்களுக்கு அங்கே காலை உணவுதான் முதன்மையாக இருந்தது. நாசி டாகாங் காலையில் கிடைக்கும் சோறு. கொஞ்சம் தாமதித்துப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். சாதாரண அரிசியோடு புளூட் எனப்படும் ஒட்டும் அரிசியையும் சேர்த்து ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, பாதி வெந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றிக் கலந்து மறுபடியும் ஆவியில் ஏற்றுகிறார்கள். அதில் சின்ன வெங்காயம், இஞ்சி, வெந்தயம் சேர்கின்றன. சோற்றில் முழு வெந்தயம் பல்லில் படும்போது எனக்கு உடனே பிடிபட்டது, என் மாமியார் செய்யும் வெந்தயச் சோற்றின் வாசம் இதுதான் என்று. பக்கத்தில் சூரை மீன் குழம்பு. மீன் துண்டுகளை முதலில் உப்பும் ஆசாம் துண்டுகளும் போட்டுத் தனியாக வேகவைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசாம் நம் கொடம்புளியின் இனத்தைச் சேர்ந்த காய். பிறகுதான் தேங்காய்ப்பால் குழம்பில் போடுகிறார்கள். அதனால் சதை உடையாமலும் வாடை இல்லாமலும் இருக்கிறது.

என் கணவரின் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மாசிக்கருவாடு செய்வதே சூரையில்தான் என்பதால் அந்த மீனைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு. தேக்கா சந்தையில் நான் வஞ்சிரத்தின் பக்கம் கையை நீட்டினால், சூரை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர் அவர். தட்டு வந்ததும் மீனை விரலால் அழுத்திப் பார்த்தார், குழம்பை நுனிநாக்கில் வைத்தார், பிறகு பேசாமல் சாப்பிடத் தொடங்கினார். முடித்தபின், "அம்மா இதைச் சாப்பிட்டிருக்கணும்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இல்லை. கிளந்தானில் நாசி டாகாங்கைச் செந்நிற அரிசியில் செய்வார்கள். எது மேல் என்று இரு மாநிலத்தாரும் விட்டுக்கொடுப்பதில்லை. நான் திரங்கானுவின் பக்கம்.

கெரோப்போக் லெக்கோருக்குப் பேர்போன இடம் நகரின் ஓரத்தில் உள்ள லோசோங். மீன் சதை, சாகோ எனும் ஜவ்வரிசி மாவு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த சாம்பல் நிறக் கலவை, கடைகளுக்குப் பின்னால் பெரிய பாத்திரங்களில் இருக்கும். மாவு தூவிய பலகையில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டினால் கொழுக்கட்டை உருட்டுவது போல நீண்டுகொண்டே போகிறது, முழங்கை நீளத்தில் நிற்கிறது. கொதிநீரில் போட்டதும் மூழ்குகிறது; வெந்ததும் தானாக மேலே மிதக்கிறது. மிதப்பதை வடிகட்டி எடுத்து அப்படியே சூடாக வெட்டிக் கொடுத்தால் அது வேகவைத்த வகை. மென்மையாக, இழுவையாக, மீன்மணம் நிறைந்திருக்கும். சாய்வாக நறுக்கி எண்ணெயில் பொரித்தால் மேல்தோல் மொறுமொறுக்கும். மெல்லிய வில்லைகளாகச் சீவி வெயிலில் காயவைத்தால் நாம் சிங்கப்பூருக்கு வாங்கி வரும் மீன் அப்பளம். மூன்றுக்கும் ஒரே மாவு. சுற்றுலாப் பயணிகள் பொரித்ததையே கேட்கிறார்கள். வேகவைத்ததைக் கேட்டதும் கடைக்காரர் என்னைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்ததாக எனக்குப் பட்டது. இனிப்பும் புளிப்புமான மிளகாய்க் குழம்பு இல்லாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

மாலையில் விமான நிலையத்தை ஒட்டிய தெலுக் கெத்தாப்பாங் கரையில் நடந்துவிட்டு, இக்கான் செலுப் தெப்போங் கடையில் உட்கார்ந்தோம். சின்ன மீன், கணவாய், இறால் என்று வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால், மாவில் தோய்த்து முழுசாகப் பொரித்துத் தருவார்கள். கூட இளநீர். மசாலா என்று எதுவுமே இல்லை, மஞ்சள்கூட இல்லை. பகாங்கில் டுரியான்வரை போன மீன் சமையல், வடக்கே வர வர மாவும் எண்ணெயுமாகக் குறைந்துவிட்டது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. தெம்போயாக் குழம்பைத் தவிர எதுவும் இதற்கு ஈடில்லை என்பது என் கணவரின் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு செய்தி. நவம்பர் முதல் பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் சீறும், தாழ்வான இடங்களில் சாலையே வெள்ளத்தில் மூழ்கும், தீவுப் படகுகளும் ஓடா. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட மாதங்கள் நல்லவை. திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், அன்று மாலையில் கடற்கரைகளில் கூட்டம் அலைமோதும், ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடியிருக்கும். சிங்கப்பூரர்களுக்கு இது வசதி. நோன்பு மாதத்தில் பகலில் உணவுக்கடைகள் திறந்திருக்க மாட்டா, ஆனால் மாலைச் சந்தைகள் களைகட்டும்.

திரும்பும்போது விரைவுச்சாலையில் குவாந்தானுக்கு வந்து, காம்பாங்கிலிருந்து சிகாமட் போகும் பன்னிரண்டாம் எண் சாலையைப் பிடித்தோம். நேரம் மிச்சம், சொல்லும்படியாக வாய்க்கு எதுவும் கிடைக்கவில்லை. பின்னிருக்கையில் காய்ந்த கெரோப்போக் பைகள் நிறைந்திருந்தன. அவற்றைப் பொரிப்பதற்கு முன் ஒரு பகல் வெயிலில் வைக்க வேண்டும் என்று லோசோங் கடைக்காரர் சொல்லியனுப்பினார். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வில்லைக்கு மேல் போடக் கூடாது. பொரிக்கும் நாளில் துணி உலர்த்தும் கம்புகளை முதலிலேயே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், மீன்வாடை சட்டைகளை விட்டுப் போகாது.